பிளக் நானாவும் வெள்ளிக்கிழமைத் தும்மலும்

ஆயர் ஈத்தாம் பசாரில் போய் ஷேக் அலாவுதீன் எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். அந்தப் பெயரில் அங்கே மூன்று பேர் இருந்தார்கள். பிளக் நானா எங்கே என்று கேட்டால் ஒரே திசைதான். லோரிகள் வரிசையாக நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தடியில், ஒரு சைக்கிளும் ஒரு தகரப் பெட்டியும் தெரியும். அவற்றுக்கு நடுவே கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு யாருடைய வண்டியையோ குறை சொல்லிக்கொண்டிருப்பவர் அவர்தான். நானா என்றால் அங்கே அண்ணன்.

பட்டணத்தில் ஒரு வெள்ளைக்காரன் கராஜில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவர். ரப்பர் விலை விழுந்த வருடத்தில் அந்த கராஜ் பாதி ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது. மற்றவர்கள் ஊருக்குக் கப்பல் ஏறலாமா, கித்தா மரத்தில் ரப்பர் பால் வெட்டப் போகலாமா என்று யோசித்தபோது, அலாவுதீன் தம் கைச் சாமான்களைத் தகரப் பெட்டியில் அடுக்கி சைக்கிளின் பின்னால் கட்டிவிட்டார். புது வண்டி வாங்க யாரிடமும் காசில்லாத காலம். காசில்லை என்றால் பழைய வண்டியைத்தான் ஓட்ட வேண்டும். பழைய வண்டி என்றால் எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் பிளக்கை மாற்றத்தான் வேண்டும். அவர் கணக்கு அவ்வளவுதான். அது தப்பவும் இல்லை. மூன்று வருடத்தில் ஆயர் ஈத்தாம் வரிசையில் நின்ற ஏழு லோரிகளும் அவர் கைக்கு வந்துவிட்டன. அந்த ஏழு வண்டிகளால்தான் அவர் வீட்டில் உலை கொதித்தது.

வரிசையில் எல்லோருக்கும் கேட்கும்படி அவர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்.

“நான் போட்ட பிளக்கு ஆறு மாசத்துக்குள்ள ஒரு தடவ தும்மட்டும். அதுக்கப்புறம் இந்த வரிசையில நான் ஸ்பானர தூக்க மாட்டேன்.”

பிளக்கில் பொறி விழாமல் எஞ்சின் இடையிடையே விக்கிக் குலுங்குவதைத்தான் அங்கே தும்மல் என்பார்கள். இந்த வாக்குக்கு அவர் இரண்டு நிபந்தனை வைத்திருந்தார். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் அவர் கை வைப்பார். அதனால் நடுரோட்டிலோ பசாரிலோ பிளக்கைத் தொடமாட்டார், சாயங்காலம் வண்டி நிற்கும் வீட்டுக்கே வருவார். இரண்டாவது, அவர் மூடிய எஞ்சின் மூடியை வேறு எந்த ஆண்பிள்ளையும் திறக்கக் கூடாது. “ரெண்டு பேரு கை வச்சா யாரு தப்புன்னு எப்படிலா சொல்றது?” என்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் வருடம், செப்டம்பர் மாதக் கடைசியில், முனுசாமியின் லோரிக்குப் புது பிளக் போட்டார். முன்பக்கம் கார் மாதிரியும் பின்பக்கம் பலகைத் தொட்டி மாதிரியும் இருக்கும் எட்டு வயதுச் சின்ன லோரி அது. காலையில் தோட்டக் காய்கறியைப் பட்டணத்துப் பசாருக்குக் கொண்டுபோகும். பசாருக்குப் பின்னால் முனுசாமியின் பலகை வீட்டை ஒட்டிய அத்தாப்பு ஓலைக் கொட்டகையில் படுக்கும்.

அலாவுதீன் முதலில் பிளக்குகளைச் சுற்றியிருந்த மண்ணையும் தூசியையும் பழைய பிரஷால் கூட்டி, வாயால் ஊதினார். பிறகுதான் ஸ்பானரை வைத்தார். தூசியோடு கழற்றினால் அது ஓட்டை வழியாக உள்ளே விழுந்து எஞ்சினைத் தின்றுவிடும். கழற்றிய நான்கையும் ஒரு காகிதத்தில் வரிசை மாறாமல் வைத்து, ஒவ்வொன்றாக முகர்ந்தார்.

“முனுசாமி, காலைல வண்டி கிளப்ப சோக்குக் கம்பிய இழுத்துட்டு அப்படியே மறந்துட்டு ஓட்டுற.”

“ஐயோ, யாரு சொன்னா நானா?”

“இதோ, மூணுலயும் மசி அப்பியிருக்கு பாரு. பொய் சொல்லத் தெரியாத சாமான் இது.”

புது பிளக்குகளின் முனை இடைவெளியைத் தாமே அராவி வைத்திருந்த தகட்டுத் துண்டால் அளந்தார். ஒவ்வொன்றையும் விரலாலேயே திருகி இறக்கி, விரல் ஓய்ந்த இடத்தில் ஸ்பானரால் கால் சுற்று மட்டும் கொடுத்தார். நான்கும் எஞ்சின் தலையில் நிமிர்ந்து நின்றன. வெள்ளைப் பீங்கான் உடம்பு, இடுப்பில் இரும்பு, உச்சியில் பித்தளைத் திருகு.

அடுக்களை வாசலிலிருந்து முனுசாமியின் மனைவி தனலெட்சுமி எட்டிப் பார்த்தாள். “இம்மாத்தூண்டு சாமானுக்கா நானா இவ்வளவு வேல?”

“தங்கச்சி, இந்த நாலும்தான் வண்டிக்கு உயிரு. இது எரியலன்னா இந்த லோரி வெறும் பலகை. சாமி மாதிரி வச்சுக் காப்பாத்தணும், தெரிஞ்சுக்க.”

தனலெட்சுமி சிரிக்கவில்லை. “சரிங்க நானா” என்று தலையை ஆட்டிக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை முனுசாமியின் லோரி தும்மியது.

கிளம்பும்போதே இரண்டு சிலிண்டரில் இருமி, ஆயர் ஈத்தாம் ரோட்டில் டிராமுக்குப் பின்னால் நொண்டிக்கொண்டே போய், இரண்டு மைல் தாண்டியதும் தானாகவே சரியாகிவிட்டது. சாயங்காலம் அலாவுதீன் வந்து பார்த்தார். பிளக்கின் முனை நல்ல பழுப்பு நிறத்தில் இருந்தது. ஒரு குறையும் இல்லை. ஓட்டிக் காட்டினார், எஞ்சின் தறி மாதிரி ஓடியது. புதனும் வியாழனும் சத்தமில்லை. வெள்ளிக்கிழமை மறுபடியும் தும்மல். அதற்கடுத்த வாரம் ராமதாஸின் லோரியும் தும்மத் தொடங்கியது. பத்தே நாளில் மூன்றாவதாக இன்னொரு வண்டி. மூன்றும் அலாவுதீன் புதிதாகப் பிளக் போட்டவை.

மரத்தடியில் கிண்டல் தொடங்கிவிட்டது. அலாவுதீன் சைக்கிளை விட்டு இறங்கும்போதே யாராவது ‘அச்சூ’ என்பார்கள். அதற்கெல்லாம் அவர் மசியவில்லை. “தும்மினது வண்டியா நீயா? மூக்கக் காட்டு, ஸ்பானர் போட்டுப் பாக்குறேன்” என்றார்.

ஆனால் ராமதாஸ் சொன்ன சொல்லை அப்படித் தட்டிவிட முடியவில்லை. ராமதாஸ் குரல் பெரிய ஆள். கோப்பிக் கடையில் உட்கார்ந்துகொண்டு, கேட்க வேண்டிய எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: “மூணு வண்டி தும்முது. மூணும் நம்மாளு வண்டி. நூர் முகம்மது வண்டிக்கும் அதே வாரந்தான் பிளக்கு போட்டாரு. அது ஏன் தும்மல? தன் ஆளுக்கு நல்ல சாமான், நமக்குக் கழிச்ச சாமான். வேற என்னா?”

பக்கத்து மேசையில் இருந்த நூர் முகம்மது கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். எதிரே இருந்த அலாவுதீன் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

“ராமதாஸ், உன் வண்டி பிளக்க எடுத்து நூரு வண்டியில போடுறேன். நூரு வண்டி பிளக்க உன் வண்டியில போடுறேன். சாயங்காலம் எல்லாரும் வந்து நின்னு பாருங்க. கழிச்ச சாமான் எதுன்னு தெரிஞ்சு போவும்.”

திங்கட்கிழமை சாயங்காலம் சொன்னபடியே செய்தார். மறுநாள் செவ்வாய். ராமதாஸின் பழைய பிளக்குகளோடு நூர் முகம்மதுவின் லோரி பட்டணம்வரை வழுக்கிக்கொண்டு போய்வந்தது. நூர் முகம்மதுவின் பிளக்குகளோடு ராமதாஸின் லோரி, தெருவெல்லாம் திரும்பிப் பார்க்கத் தும்மியது.

பிளக்கில் குற்றமில்லை என்று தெரிந்துவிட்டதே என்று அலாவுதீன் நினைத்தார். ராமதாஸ் வேறு விதமாக நினைத்தான். “அப்போ நூரு வண்டிக்கு எதையோ ஓதி ஊதியிருக்காரு. நமக்கு ஊதல.”

சிரிப்பு எழுந்தது. ஆனாலும் அந்தச் சிரிப்புக்குப் பின் யாரும் அலாவுதீன் முகத்தைப் பார்க்கவில்லை. பட்டணத்தில் புதிதாக ஒரு கராஜ் திறந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடி, ஏழு வண்டியையும் அங்கே விடுவதா என்று முடிவு செய்யலாம் என்று பேச்சு வந்தது. அலாவுதீன் பெட்டியைக் கட்டினார். “ஞாயித்துக்கிழம நானும் வரேன். அதுக்குள்ள காரணத்தோட வரேன்” என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார்.

கப்பித்தான் பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த வீட்டில், அவர் மனைவி ஆசியா பீவி மீன் கழுவிக்கொண்டே முழுக்கதையையும் கேட்டாள்.

“ஓதி ஊதுனீங்களா?”

“அடி போடி.”

“சும்மாதான் கேட்டேன். என்னிக்கெல்லாம் தும்முது?”

“செவ்வாய். வெள்ளி. மத்த நாள்ல ஒரு சத்தம் இல்ல. அதான் தலையப் பிச்சுக்கலாம் போல இருக்கு. வண்டிக்குக் கிழம தெரியுமா?”

ஆசியா பீவி கத்தியைக் கீழே வைத்தாள். அவள் பிறந்து வளர்ந்தது கோயிலை ஒட்டிய தண்ணீர்மலை ரோட்டில். “வண்டிக்குத் தெரியாது, பொம்பளைங்களுக்குத் தெரியும். செவ்வாய் வெள்ளின்னா எங்க பக்கத்து வீட்டுல விடியக்காலமே எழுந்து, வாசல்லேருந்து அடுப்புவரைக்கும் கழுவித் தள்ளுவாங்க. நூரு வீட்டுல செவ்வாக்கிழம யாரு கழுவுறா?”

அலாவுதீனுக்குக் கணக்கு விளங்கியது. உள்ளே குற்றமில்லை என்றால் வெளியேதான். வெளியே என்றால் தண்ணீர். இரண்டு மைல் ஓடிச் சூடேறியதும் காய்ந்துவிடும் தண்ணீர்.

“இத நீ போன வாரமே சொல்லியிருக்கலாம்ல?”

“போன வாரம் நீங்க கேட்டீங்களா?”

வெள்ளிக்கிழமை சுபுஹு தொழுதுவிட்டு, அவர் நேரே ஆயர் ஈத்தாமுக்கு சைக்கிளை மிதித்தார். வருவதாக யாருக்கும் சொல்லவில்லை. முனுசாமியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கிழக்கே மெல்ல வெளுத்திருந்தது. வீட்டுக்குப் பின்னால் முனுசாமி குளிக்கும் சத்தம் கேட்டது. கொட்டகையில் ஒரு அகல் எரிந்தது. எஞ்சின் மூடி திறந்திருந்தது.

தலைமுழுகி ஈரக்கூந்தலை முடிந்துகொண்டு தனலெட்சுமி எஞ்சின் முன்னால் நின்றாள். கையில் சந்தனக் கிண்ணம். நான்கு பிளக்குக்கும் உச்சித் திருகிலிருந்து இடுப்பு இரும்புவரை குழைத்த சந்தனம் வழிய வழியப் பூசியிருந்தாள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு காசு அகலத்துக்குக் குங்குமம். பக்கத்தில் நான்கு செம்பருத்தி. பொறி பீங்கானைத் தாண்டி இரும்புக்கு ஓடிப்போக இதைவிட நல்ல பாதையை யாராலும் போட்டுக் கொடுக்க முடியாது.

சைக்கிள் சத்தம் கேட்டுத் திரும்பியவள் பதறிப்போனாள். தோளில் கிடந்த ஈரத் துணியை எடுத்து அவசர அவசரமாகப் பிளக்குகளைத் துடைக்க ஆரம்பித்தாள்.

“தங்கச்சி, நில்லு. ஏன் தொடைக்கிற?”

“நீங்க வரீங்கன்னு சொல்லியிருந்தா முன்னாலயே தொடைச்சிருப்பேனே நானா! நீங்க கை வக்கிற எடம். எங்க சந்தனமும் குங்குமமும் உங்க கையில பட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்குமில்ல? எப்பவும் நீங்க வர்ற அன்னிக்கு நாலு மணிக்கே தொடைச்சு வச்சிடுவேன்.”

ஒவ்வொரு தடவையும் தமக்கு எதிரே பிளக்குகள் ஏன் பளிச்சென்று நின்றன என்பது அலாவுதீனுக்கு இப்போது புரிந்தது. தம் மீது வைத்த மரியாதைதான் தம் கண்ணைக் கட்டியிருக்கிறது.

“மூடிய யாரும் தெறக்கக் கூடாதுன்னு சொன்னேனே...”

“ஆம்பளைங்க தெறக்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்க? உயிருன்னு சொன்னீங்க. சாமி மாதிரி வச்சுக்கன்னு சொன்னீங்க. சாமிக்குச் செவ்வாய் வெள்ளி பொட்டு வைக்காம இருப்பாங்களா?”

அவர் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு ஒரு பலகையில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு சந்தனம் என்ன செய்கிறது என்று அவளுக்குச் சொன்னார். இந்த வெள்ளைப் பீங்கான் ஒரு வேலி மாதிரி. உச்சியில் வரும் பொறி வெளியே தாண்டாமல் காக்கிறது. ஈரம் பட்டால் வேலி திறந்துகொள்ளும். பொறி உள்ளே போய் எரிவதற்குப் பதிலாக வெளியிலேயே ஓடித் தொலைந்துவிடும். தனலெட்சுமிக்கு ஒரே தடவையில் விளங்கியது. முகம்தான் சுண்டிப்போயிற்று.

“அப்போ இவ்வளவு நாளும் வண்டி தும்முனது என்னாலயா?”

“மூணு வண்டி தும்முச்சே, தங்கச்சி.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். “ராமதாஸ் அண்ணன் வீட்டுலயும் கோடி வீட்டுலயும் நான்தான் சொல்லிக் குடுத்தேன். நீங்க வர்றதுக்கு முன்னால தொடைக்கணும்னும் சொல்லி வச்சேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “நானா, ஆம்பளைங்க கிட்ட சொல்லிடாதீங்க. எங்க வீட்டுக்காரரு சிரிச்சுட்டுப் போயிடுவாரு. ராமதாஸ் அண்ணன் அப்படி இல்ல. வீட்டுல அக்காவ நிக்க வச்சுக் கேப்பாரு, ஊரே கேக்கும்.”

அலாவுதீன் தலையாட்டினார். சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவர் பேச்சு எடுபடாது. சொன்னால், மூன்று வீட்டுப் பெண்களின் பூசையை ஒரு முஸ்லிம் குற்றம் சொன்னதாகப் பேச்சு வேறு மாதிரி போகும். அதையெல்லாம்விட, அவர் கை கூசக் கூடாது என்று துடைத்து வைத்தவளை எப்படிக் காட்டிக்கொடுப்பது?

“நான் சொல்ல மாட்டேன். நீ மத்த ரெண்டு வீட்டுக்கும் இப்பவே ஓடு. காஞ்ச துணி, தெரியுதா? ஈரத்துணி வேண்டாம்.”

“பொட்டு?”

“வண்டி முன்னால எவ்வளவு பெரிய மூடி இருக்கு! அதுல தாராளமா வையி. இந்த வெள்ளைய மட்டும் விட்டுரு.”

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வேலிப் பக்கமாக ஓடினாள். அவர் தம் பெட்டியிலிருந்து உலர்ந்த துணியை எடுத்து, நான்கு பிளக்குகளையும் தாமே துடைத்தார். விரலெல்லாம் சந்தனம் மணத்தது. அன்று ஆயர் ஈத்தாமிலிருந்து பட்டணத்துக்குப் போன ஏழு லோரிகளில் ஒன்றுகூடத் தும்மவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோப்பிக் கடையில் ஏழு பேரும் கூடியிருந்தார்கள். லோரிகள் வெளியே வரிசையாக நின்றன. அலாவுதீன் வந்து நடு மேசையில் உட்கார்ந்தார்.

ராமதாஸ்தான் ஆரம்பித்தான். “வெள்ளிக்கிழம ஒரு வண்டியும் தும்மல. என்னா செஞ்சீங்க?”

“காரணம் தெரிஞ்சுது. சரி பண்ணியாச்சு. பீங்கான்ல ஈரம் ஏறியிருக்கு.”

“ஈரம் எங்கேருந்து வந்துச்சு?”

“அத நான் சொல்லப் போறதில்ல.”

“பாத்தீங்களாலா!” ராமதாஸ் மேசையில் தட்டினான். “சொல்ல மாட்டாராம். இருந்தாதானே சொல்ல!”

முனுசாமி வாயைத் திறக்கப் போனான். அலாவுதீன் அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். தனலெட்சுமி அவனிடம் சொல்லிவிட்டாள் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

அலாவுதீன் குரலை உயர்த்தவில்லை. “நான் போட்டது நல்ல பிளக்கு. ஆள் பாத்து, சாதி பாத்து நான் சாமான் போட்டதில்ல. வண்டி தும்முச்சு, அது நெசம். சொன்ன வாக்குப்படி நீங்க போகச் சொன்னா பெட்டியத் தூக்கிட்டுப் போறேன். ஆனா ஏமாத்துனான்னு சொல்லி அனுப்ப விடமாட்டேன். இனிமே செவ்வாய் வெள்ளி வரும். வண்டி ஓடும். அப்ப நீங்களே பாத்துக்கங்க.”

“அதானே, பாப்போம்” என்றார் நூர் முகம்மது.

“ஏன், இப்பவே பாத்துக்குறேன்” என்று ராமதாஸ் எழுந்தான். “என் வண்டி. என் கண்ணாலயே பாக்குறேன். யாரு தடுக்குறது?”

விறுவிறுவென்று வெளியே போய், எல்லோரும் பார்க்கத் தன் லோரியின் எஞ்சின் மூடியைத் தூக்கினான். உள்ளே குனிந்தான். முதல் பிளக்கைப் பார்த்தான், இரண்டாவதைப் பார்த்தான். மூன்றாவதில் கண் நின்றது. பீங்கானின் வரிப்பள்ளத்தில் துணிக்கு எட்டாமல் ஒரு கோடு சிவப்பு தங்கியிருந்தது. அதற்கடியில் காய்ந்த சந்தனத் தடம் இரும்புவரை இறங்கியிருந்தது. கடை வாசலில் நின்றவர்களுக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகு ரொம்ப நேரம் அசையவில்லை.

“என்னா அண்ணே, என்னா இருக்கு?” என்று யாரோ கேட்டார்கள்.

ராமதாஸ் கட்டைவிரலை எச்சிலில் நனைத்து அந்தச் சிவப்பைத் துடைத்தான். பிறகு என்ன நினைத்தானோ, சட்டை நுனியால் அந்த ஈரத்தையும் ஒற்றி எடுத்தான். மூடியை இறக்கித் தாழிட்டான்.

“ஒண்ணுமில்ல. ஈரந்தான்” என்றான்.

முனுசாமிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருமலாக மாற்றி விழுங்கினான். ராமதாஸ் உள்ளே வந்து பழைய இடத்தில் உட்காரவில்லை. அலாவுதீனுக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். அவர் முகத்தைப் பார்க்காமல், மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு கேட்டான்: “நானா, பிரேக்கு பாப்பீங்களா? நாலஞ்சு நாளா மிதிச்சா ஒரு பக்கமா இழுக்குது.”

“எந்தப் பக்கம்?”

“இடது.”

“அப்போ வலது சக்கரத்துலதான் கோளாறு. வா, காட்டு.”

பட்டணத்து கராஜைப் பற்றி அன்று யாரும் பேச்செடுக்கவில்லை. நூர் முகம்மது எல்லோருக்கும் சேர்த்துக் கோப்பி சொன்னார். அலாவுதீன் தொப்பியைக் கழற்றி முனுசாமியிடம் கொடுத்துவிட்டு, கைலியை இழுத்துச் செருகிக்கொண்டு, ராமதாஸின் லோரிக்கு அடியில் மல்லாந்து நுழைந்தார்.